ஒன்றிய அலுவலக வேலையில் இருந்துகொண்டு பொது நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பு: எதை எடுக்கலாம்?

வெண்ணாற்றங்கரை கேட்கிறார்:

வணக்கம். டெல்டா மாவட்டம் ஒன்றில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 2ஏ (குரூப் 2ஏ) தேர்வு எழுதி வந்தவள். ஆறு ஆண்டுப் பணி முடிந்துவிட்டது. கல்லூரியில் படித்தது பி.எஸ்சி. கணிதம். துறைத் தேர்வுகளையும் முடித்துவிட்டேன்.

என் மேசையில் குடிநீர், தெருவிளக்கு, வீடு கட்டும் திட்டக் கோப்புகள் இருக்கின்றன. வாரந்தோறும் முன்னேற்ற அறிக்கை தயாரித்து மாவட்டத்துக்கு அனுப்புகிறேன். சில ஊர்களின் பெயருக்கு நேரே "பணி முடிவுற்றது" என்று நானே தட்டச்சு செய்கிறேன். அதே ஊர்க்காரர் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, ஆட்சியர் அலுவலக முத்திரையோடு அந்த வாரமே என் மேசைக்கு வந்து சேர்கிறது. குழாய் போட்டதும் உண்மை, தண்ணீர் வரவில்லை என்பதும் உண்மை. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. பொது நிர்வாகம், வேலையில் இருந்தபடியே படிக்கலாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் 2014 முதல் நடக்கும் பொதுக்கொள்கை முதுநிலைப் படிப்பு, இரண்டு ஆண்டு முழுநேரம். அடுத்தது, வார இறுதிகளில் இணையவழியில் நடத்தப்படும் சான்றிதழ் படிப்புகள்.

கணவர் தனியார் பள்ளி ஆசிரியர். மகளுக்கு நான்கு வயது. மாமியார், "பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி" என்கிறார். அண்ணனோ, இந்த நேரத்தைத் தொகுதி 1 தேர்வுக்குச் செலவிட்டால் உதவி இயக்குநராகவே வரலாமே என்கிறார்.

இந்தப் பட்டம் பதவி உயர்வுக்கு உதவுமா? கல்வி விடுப்பு கிடைக்குமா? படித்துவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பினால், படித்த படிப்புக்கு அங்கே என்ன வேலை இருக்கும்? கடைசிக் கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. இந்த வழியில் போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


தேர்வுத்தோழன் பதில்:

உங்கள் அண்ணன் பக்கம் நிற்கிறேன். தொகுதி 1இல் துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பணியிடங்களோடு உங்கள் துறையின் உதவி இயக்குநர் பணியிடமும் வருகிறது. அதற்கு வயது வரம்பு உண்டு, எம்.ஏ.வுக்குக் கிடையாது. எது முதலில் கதவை மூடுமோ அதை முதலில் செய்வதுதான் முறை. கணிதம் படித்தவர் என்பதால் முதல்நிலைத் தேர்வின் திறனறிவு வினாக்களில் உங்களுக்குக் கை ஓங்கியிருக்கும். முதன்மைத் தேர்வில் நிர்வாகம் பற்றிய கேள்விகளுக்கு உங்கள் மேசை அனுபவமே பாதி விடை.

பதவி உயர்வைப் பொறுத்தவரை பணிமூப்பும் துறைத் தேர்வும்தான் கணக்கு. எம்.ஏ. பட்டம் பணிமூப்புப் பட்டியலில் உங்களை ஓர் இடம்கூட மேலே நகர்த்தாது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.


செங்காந்தள் பதில்:

வெண்ணாற்றங்கரை, உங்கள் கடைசிக் கேள்விக்காகவே எழுத உட்கார்ந்தேன். நான் வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம ஊராட்சிப் பிரிவு. துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தபோது கல்வி விடுப்பில் போய்ப் பொதுக்கொள்கையில் முதுநிலைப் பட்டம் படித்தேன். திரும்பி வந்தபோது அதே அலுவலகம், அதே இரும்பு அலமாரி.

பதவி உயர்வு பற்றித் தேர்வுத்தோழன் சொன்னது சரி. உயர்கல்வி பெற்றால் முன்கூட்டியே ஊதிய உயர்வு தரும் முறை முன்பு ஒன்று இருந்தது. அதுவும் 2020 மார்ச்சில் அரசாணை மூலம் நிறுத்தப்பட்டது. ஆகவே சம்பளத்தையும் பதவியையும் நினைத்து இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள். வயது வரம்பு நெருங்குகிறதென்றால் தொகுதி 1ஐ முதலில் எழுதிவிடுவதிலும் தவறில்லை. ஆனால் அந்தத் தேர்வு உங்களை மேலே உள்ள ஒரு நாற்காலியில் உட்காரவைக்கும், அவ்வளவுதான். முன்னேற்ற அறிக்கையையும் மனுவையும் சேர்த்துப் படிக்க அது சொல்லித் தராது. நீங்கள் கேட்பது அதைத்தானே?

கல்வி விடுப்பு கேட்டவுடன் கிடைக்கும் உரிமை கிடையாது. படிப்பு உங்கள் பணியோடு நேரடித் தொடர்புள்ளது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஐந்து ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, உங்களுக்கு அது முடிந்துவிட்டது. பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 24 மாதம் என்பதுதான் எல்லை. திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாகப் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். விடுப்புக் காலத்தில் முழுச் சம்பளம் வரும் என்று நினைத்து வீட்டுக் கணக்கைப் போடாதீர்கள். கையில் எவ்வளவு வரும், சேமநல நிதிப் பிடித்தம், வீட்டுக் கடன் தவணையெல்லாம் எப்படி நடக்கும் என்று கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன எதையும் நம்பி விடுவிப்பு ஆணை வாங்க வேண்டாம்.

இனி, அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு வருகிறேன். நுண்பொருளியல், புள்ளியியல், பொது நிதி, அரசமைப்பும் நிர்வாகச் சட்டமும், திட்ட மதிப்பீடு. பாடத்திட்டத்தைப் பார்த்தால் கல்லூரிப் பாடம் போலத்தான் தெரியும். கோப்பு பார்த்துப் பழகியவர்களுக்கு ஒவ்வொன்றும் வேறு இடத்தில் வந்து உட்காரும். எனக்கு நிர்வாகச் சட்டம் அப்படி உட்கார்ந்தது. ஒரு மனுவை மறுக்கும்போது "விதிகளில் இடமில்லை" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது நம் பழக்கம். மறுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாயா, என்ன காரணத்துக்காக மறுக்கிறாய் என்று ஆணையிலேயே எழுதினாயா என்று சட்டம் கேட்கிறது. இன்று என் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் மறுப்பு ஒவ்வொன்றிலும் எந்த விதி, எந்த உண்மை, எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பது இருக்கும். வீட்டுத் திட்டத்தில் பெயர் விடுபட்ட ஒருவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய், மேல்முறையீட்டில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஆணையே அவருக்கு வழிகாட்டியது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொன்று, முடிவெடுப்பவருக்கு எழுதும் இரண்டு பக்கக் குறிப்பு. நம் அலுவலகக் குறிப்பு பார்வை 1, பார்வை 2 என்று முந்தைய ஆணைகளையும் கடிதங்களையும் பட்டியலிட்டுத் தொடங்கும், முடிவு கடைசிப் பத்தியில் வரும். அதற்குக் காரணம் உண்டு. யார், எப்போது, எந்த ஆணையின்படி செய்தார் என்ற தடம் அழியக் கூடாது. படிப்பில் அதைத் திருப்பிப் போட்டார்கள். என்ன முடிவு வேண்டும் என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். பிறகு எத்தனை வழிகள், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு, அதனால் யாருக்கு இழப்பு. அந்த இழப்பை எழுதவைத்ததுதான் என்னை மாற்றியது. தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றும் குறிப்பில் மின்கட்டணம் குறைவதை மட்டும் எழுதுவேன். விளக்கு மாற்றும் உள்ளூர் எலக்ட்ரீஷியனுக்கு மாதம் நான்கு வேலை குறையும் என்பதும், அவர் ஒத்துழைக்காவிட்டால் பழுது நீக்க ஆள் வராது என்பதும் அதில் இருக்காது. இப்போது இருக்கும்.

உங்கள் மேசையில் குடிநீர்க் கோப்பு இருப்பதாகச் சொன்னதால் என் கள ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் என்ற ஜல் ஜீவன் திட்டம் 2019இல் வந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. நான் எடுத்துக்கொண்ட ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று, பதிவேட்டிலும் ஏறியாயிற்று. கடைசித் தெருவிலிருந்து மட்டும் மனு நிற்கவில்லை. வழக்கமாக என்ன செய்வோம்? மேற்பார்வையாளரை அனுப்பி, புதிய குழாய்ப் பாதைக்கு மதிப்பீடு போட்டு, நிதி கேட்டு மேலே அனுப்புவோம். என் ஆசிரியர் அந்த மதிப்பீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தண்ணீர் வரவில்லை என்கிறீர்களே, எவ்வளவு வரவில்லை?" என்று கேட்டார். எங்கள் ஒன்றியத்தில் அந்த எண் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தோடும் கைப்பேசிக் கடிகாரத்தோடும் காலையில் போய் நின்றோம். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குடம் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பியது. கடைசித் தெருவில் ஆறு நிமிடம் பிடித்தது. தண்ணீர் விடும் நேரம் 40 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் கணிதம் படித்தவர்: முதல் தெரு வீட்டுக்கு 400 லிட்டர், கடைசித் தெரு வீட்டுக்கு 100 லிட்டர். அந்த வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 20 லிட்டர். இரண்டு தெருவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வீட்டுக்கு 250 லிட்டர், ஏறக்குறைய எல்லோருக்கும் போதும் என்றுதான் தாளில் தெரியும். சராசரி யாரை மறைக்கிறது என்று புள்ளியியல் வகுப்பில் கேட்டது அந்தக் குடத்தருகே நின்றபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்து, ஏன் இப்படி என்று பார்த்தோம். தொட்டி இயக்குபவர் மூன்று வால்வுகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் போய்விடுகிறார். அவரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதுதான் ஊரார் எதிர்பார்த்தது. நான் தொட்டிக்குக் கீழே அவரோடு உட்கார்ந்து பேசினேன். அவருக்கு வரும் ஊதியத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, அதுவும் பல மாதம் தள்ளித்தான் வருகிறது. ஆகவே ஏழு மணிக்குள் வயல் வேலைக்குப் போயாக வேண்டும். ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அன்றைய கூலி போய்விடும். கேட்டபோது அவர் மறைக்கவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். கடைசித் தெருவில்தான் அவருடைய தங்கை வீடும் இருக்கிறது.

ஆக, குழாயில் கோளாறு இல்லை. ஊதியம் தாமதமாகும் இடத்தைத் தேடிப் போனால், ஊராட்சியின் மின்கட்டணத்தைக் கட்டிவிட்டு மீதி இருந்தால் அவருக்குக் கொடுப்பது என்ற வழக்கம் அங்கே இருந்தது. அந்த வரிசையை மாற்றுவதற்கு ஊராட்சி மன்றத் தீர்மானம் போதும், நிதி வேண்டாம். அவருடைய ஊதியம் மாதந்தோறும் உரிய தேதியில் கிடைத்தால், காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்து தெருவாரியாக விடுகிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் இதை வைத்தோம். முதல் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். டெல்டா ஊர் அல்லவா, ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து வாய்க்காலில் விடுவது போலத்தான் இதுவும் என்று ஒரு பெரியவர் எழுந்து சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. கடைசித் தெருவுக்கு முதல் முறை என்று தீர்மானமாயிற்று. மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளைப் பற்றிய தகராறு மட்டும் இன்னும் தீரவில்லை.

படிப்பில் "தலைமைத்துவம்" என்று தனித்தாள் உண்டு. பேச்சாற்றல், தொலைநோக்கு என்று நிறைய வரும். எனக்கு அந்தத் தாளில் மனத்தில் நின்றது ஒன்றே: கடைசியில் வால்வைத் திருப்புகிறவர் யார், அவர் ஏன் இப்போது திருப்புவதுபோல் திருப்புகிறார் என்று கண்டுபிடிக்காமல் மேலே போடும் எந்த ஆணையும் நடக்காது. அரசுப் பணியில் தலைமை வகிப்பதென்றால் நான் இதைத்தான் புரிந்துகொள்கிறேன்.

ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கல்வி நம் நாட்டில் மேலிருந்து தொடங்குகிறது. முசோரியில் பயிற்சி பெறும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு அந்தப் பயிற்சியின் பேரிலேயே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பொது மேலாண்மையில் எம்.ஏ. பட்டம் வழங்குகிறது. பணியிடைக் காலத்து அதிகாரிகளுக்காகப் பெங்களூரு ஐ.ஐ.எம். 2002இலேயே பொதுக்கொள்கைப் படிப்பைத் தொடங்கியது. டெல்லியின் இந்தியப் பொது நிர்வாகக் கழகத்திலும் மூத்த அதிகாரிகளுக்குப் பத்து மாதப் படிப்பு நடக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். நமக்கோ பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மறைமலை நகரில் திட்டவாரியாகச் சில நாள் வகுப்பு. விதிகளை அங்கே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரு விதி ஓர் ஊரில் ஏன் வேலை செய்யவில்லை என்று ஆராயும் பயிற்சிக்கு அங்கே நேரமில்லை. மக்கள் அரசைச் சந்திப்பது ஒன்றிய அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் மேசையிலும்தான். அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கல்வி கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் கேள்வி கேட்டதில் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி வரக் காரணமும் அதுதான்.

எதை எடுப்பது? வீடு தாங்கும் என்றால் முழுநேரப் படிப்பு. அதில் பாடத்துக்கு இணையாக உடன் படிப்பவர்களால் கற்கிறோம். என் வகுப்பில் தணிக்கைத் துறைக்காரர், நிருபராக இருந்தவர், பழங்குடி ஊர்களில் வேலை பார்த்த செவிலியர் எல்லாரும் இருந்தார்கள். ஒரே அறிக்கையை நான்கு பேர் நான்கு விதமாகப் படிப்பதைப் பார்ப்பதே பெரிய பயிற்சி. வீடு தாங்காதென்றால் இக்னோ போதும், கள ஆய்வை நீங்களே உங்கள் ஒன்றியத்தில் செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் படிப்பு எனக்கு மூன்றாம் பட்சம். எதில் சேர்ந்தாலும் உங்கள் மேசையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். அப்படிப் போகிறவர்களுக்குத் திரும்பி வரும் நாற்காலி சிறியதாகத் தெரியாது.


மலைக்கோட்டை ஆசிரியர் பதில்:

அரசுக் கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்துகிறேன். செங்காந்தள் எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாக்க விரும்புகிறேன். எம்.ஏ. பொது நிர்வாகம் கோட்பாட்டிலிருந்து தொடங்கும். உட்ரோ வில்சன் 1887இல் எழுதிய கட்டுரை, வெபர், டெய்லர், ஹெர்பர்ட் சைமன் போன்ற அறிஞர்களின் கோட்பாடுகள் என்று வரிசையாகப் போய், பிறகு இந்திய நிர்வாகத்துக்கு வரும். பொதுக்கொள்கை முதுநிலைப் படிப்பு கருவிகளிலிருந்து தொடங்கும்: பொருளியல், புள்ளியியல், மதிப்பீடு. கணிதம் படித்தவருக்கு இரண்டாவது இயல்பாக வரும். முதலாவதில், அலுவலகம் என்ற அமைப்பே ஏன் இப்படி உருவானது என்ற வரலாறு கிடைக்கும். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இக்னோ எம்.ஏ.வைக் குறைந்தது இரண்டு, அதிகம் நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இந்த நெகிழ்வு பெரிய வசதி. சான்றிதழ் படிப்பில் சேர்வதாக இருந்தால், அது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கும் பட்டம் இல்லை என்பதை அறிந்தே சேருங்கள். திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தையும் பாருங்கள். 1956இல் ஊரகக் கல்விக்காகவே தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான இடம். ஊராட்சியைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே வைத்துப் படிக்கும் மரபு அங்கே உண்டு.

சேர்வதற்கு முன் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். 2005இல் அமைக்கப்பட்ட இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் அறிக்கைகள் பதினைந்தும் இணையத்தில் கிடைக்கின்றன. ஆறாவது அறிக்கை உள்ளாட்சி பற்றியது, 2007இல் வந்தது. அதை ஒரு மாதம் எடுத்து ஊன்றிப் படியுங்கள். படிக்கப் படிக்கக் கேள்விகள் எழுந்தால் உங்களுக்கு இந்தப் படிப்பு ஏற்றது. ஆங்கில நடை கடினமாக இருந்தால் அதற்கும் இப்போதே பழகிக்கொள்ளலாம். தமிழ்வழியில் படித்து வரும் என் மாணவர்கள் தடுமாறுவது பாடத்தில் இல்லை, பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவதில்தான். தினமும் ஒரு பக்கம் எழுதினால் ஆறு மாதத்தில் அது சரியாகிவிடும், கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.


புக்கிட் தீமா பதில்:

சிங்கப்பூரில் லீ குவான் இயூ பொதுக்கொள்கைப் பள்ளியில் பொது நிர்வாக முதுநிலைப் படிப்பு முடித்தவன். 2004இல் தொடங்கிய பள்ளி இது. ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களுக்கு ஓராண்டில் முடியும் படிப்பு. உதவித்தொகைகள் உண்டு என்பதால் இந்த வாய்ப்பையும் மனத்தில் வையுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். இரண்டு ஆண்டு விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு ஓராண்டு என்பது பெரிய வேறுபாடு.

ஆனால் இங்கே பாடமாகும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நகரத்தைச் சார்ந்தவை: வீடமைப்பு வாரியம், போக்குவரத்துக் கட்டணம், நீர் மறுசுழற்சி. ஊராட்சி நிர்வாகத்தில் அப்படியே பொருத்த முடியாது. உடன் படிக்கும் பிற ஆசிய நாட்டு அரசு அலுவலர்களிடம்தான் உங்களுக்கு நெருக்கமான அனுபவம் கிடைக்கும். உங்கள் நோக்கம் ஒன்றியத்துக்கே திரும்புவது என்றால், செங்காந்தள் காட்டிய வழி இன்னும் நேரானது என்பது என் கருத்து.


வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. செங்காந்தள் அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். கணவரும் மாமியாரும் முழுதாகக் கேட்டார்கள். தொட்டி இயக்குபவர் கதை வந்ததும் மாமியார், "நம்ம ஊரிலும் அதேதான்" என்றார்.

நானும் கணவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த ஆண்டு தொகுதி 1 விண்ணப்பம் வந்தால் எழுதுவேன், அதற்காகப் படிப்பைத் தள்ளிப்போட மாட்டேன். பெங்களூருக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். கிடைத்து, விடுப்பும் கிடைத்தால் போகிறேன். இல்லையென்றால் இக்னோ. ஆசிரியர் ஐயா சொன்ன ஆறாவது அறிக்கையை இறக்கிவிட்டேன், முதல் நாற்பது பக்கம் முடிந்தது.

இரண்டு சந்தேகம். விண்ணப்பத்தில் "ஏன் இந்தப் படிப்பு" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது? அக்கா, நீங்கள் திரும்பி வந்த முதல் சில மாதங்கள் அலுவலகத்தில் எப்படி இருந்தது? மேலே உள்ளவர்கள் "படித்துவிட்டு வந்து பாடம் நடத்துகிறாள்" என்று நினைக்கவில்லையா?


செங்காந்தள்:

நல்ல முடிவு. மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் இந்த உரையாடலே நடந்திருக்காது.

விண்ணப்பத்தில் மக்கள் சேவை, நாட்டுப்பற்று என்று தொடங்காதீர்கள். தேர்வு செய்கிறவர்கள் அதை ஆயிரம் முறை படித்திருப்பார்கள். இங்கே நீங்கள் எழுதிய இரண்டாவது பத்தியை எடுத்து அங்கே போடுங்கள். "பணி முடிவுற்றது" என்று தட்டச்சு செய்த கையிலேயே அதே ஊரின் மனுவை வாங்கினேன், இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அறிய விரும்புகிறேன். இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. கூடவே ஓர் ஊராட்சியில் அளந்து எடுத்த எண்கள் இருந்தால் பக்கம் நிறைந்துவிடும்.

திரும்பி வந்த பிறகு எப்படி இருந்தது என்றால், முதல் ஆய்வுக் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. வழக்கமான அறிக்கையை வழக்கமான படிவத்தில் கொடுத்தேன். அதன் பின்னால் ஒரே ஒரு தாள் இணைத்தேன்: ஐந்து ஊராட்சிகளில் கடைசித் தெருவில் குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று. கூட்டத்தில் அதைப் பற்றி நானாகப் பேசவில்லை. அடுத்த மாதம் மேலிருந்தே மற்ற ஊராட்சிகளுக்கும் அந்தத் தாளைக் கேட்டார்கள். எல்லா மேலதிகாரிகளும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வேறொரு முறை, வேறொரு பொருளில் கொடுத்த தாளை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் அந்த எண்கள் ஊராட்சிச் செயலரிடம் இருந்தன. அவர் கிராம சபையில் பயன்படுத்திக்கொண்டார்.

சக ஊழியர்களைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். மூத்த உதவியாளர் ஒருவர் என் இருக்கையின் கோப்புகளையும் சேர்த்து நான் இல்லாத காலம் முழுவதும் பார்த்துக்கொண்டார். திரும்பியதும் அவரிடம் போய், எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்த ஊர் நடப்பு எந்தப் பாடத்திலும் கிடையாது. இன்று எங்கள் ஒன்றியத்தில் அளவெடுப்பு முழுவதையும் அவர்தான் ஒருங்கிணைக்கிறார்.


வெண்ணாற்றங்கரை:

புரிகிறது அக்கா. வரும் சனிக்கிழமை இரண்டு ஊராட்சிகளுக்குக் குடத்தோடு போகலாம் என்று இருக்கிறேன். கணவரும் வருகிறார். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?


செங்காந்தள்:

உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், விடுமுறை நாள் என்றாலும் சரி. ஊராட்சிச் செயலருக்கும் முந்தைய நாளே தகவல் கொடுங்கள். போனதும் முதலில் தொட்டி இயக்குபவரைப் பார்த்து, இது அவர் மேல் புகார் எழுதுவதற்காக அல்ல என்று சொல்லுங்கள். அவர் வால்வு திறக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதல் தெரு, நடுத்தெரு, கடைசித் தெரு மூன்றிலும் ஒரே குடத்தால் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நினைவிலிருந்து எழுத முடியாது. எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.